பரீட்சைக்கு வராத ஒரு கேள்வி



சுண்ணாம்பு நீரில் ஸ்ட்ரா வைத்து ஊதச் சொன்னது நினைவிருக்கிறதா? மூச்சிலுள்ள கார்பன் டை ஆக்சைடு பட்டதும் தெளிந்த நீர் பால்போல வெளுக்கும். "சார், சுண்ணாம்புக்குப் பதிலா வேற ஏதாவது இருந்தாலும் வெளுக்குமா?" என்று ஒரு பையன் கேட்டான். "அது பரீட்சைக்கு வராது, உட்காருடா" என்றேன். யார் கேட்டது என்று நினைவில்லை. கேள்வி மட்டும் நினைவிருக்கிறது.

போன வாரம் நம் மாணவர் ஒருவர் வெளிநாட்டிலிருந்து பேசினார். மீக்கடத்தி நாடா செய்யும் ஆலையில் வேலை. மின்சாரத்தைத் தடையே இல்லாமல் கடத்துவதுதான் மீக்கடத்தி. 1911-ல் பாதரசத்தில் அதைக் கண்டபோது மைனஸ் 269 டிகிரி குளிர் தேவைப்பட்டது. 1987-ல் வந்த இட்ரியம் பேரியம் காப்பர் ஆக்சைடுக்கு மைனஸ் 180 போதும். மலிவான திரவ நைட்ரஜனே குளிர்வித்துவிடும்.

அதை உலோகப் பட்டையின்மேல் ஓரிரு மைக்ரான் கனத்தில் பூசுகிறார்கள். ஆக்சிஜன் சரியாக ஏறாவிட்டால் அது மீக்கடத்தியே ஆகாது. ஆனால் உலையிலுள்ள வாயுவில் கார்பன் டை ஆக்சைடு கலந்துவிட்டால், பேரியம் அதைப் பிடித்துக்கொண்டு பேரியம் கார்பனேட் ஆகிவிடும். அது படிகத் துகள்களின் இடுக்கில் உட்கார்ந்து மின்னோட்டத்தை மறிக்கும். பேரியம் கால்சியத்தின் குடும்பம்தான். நம் வகுப்பில் சுண்ணாம்பு நீர் வெளுத்த அதே கதை!

வாயுவின் தூய்மையைச் சோதிக்கும் நேரத்தைக் குறைக்கச் சொல்கிறார்களாம். "நான்தான் ரொம்பப் பார்க்கிறேனோ சார்?" என்றார்.

இல்லை தம்பி. நாடா நூறு மீட்டர் இருந்தாலும், அதிலுள்ள மோசமான ஓர் அங்குலம்தான் அது எவ்வளவு மின்னோட்டம் தாங்கும் என்பதை முடிவுசெய்கிறது. அந்த இடம் சூடேறி நாடா எரிந்தும் போகலாம். பூசி முடித்தபின் பிரித்தெடுக்க வழியில்லை. முன்னால் செலவிடும் நேரம் வீண் அல்ல. விட்டுக்கொடுக்காதீர்கள்.

சொல்லி முடித்ததும் எனக்கே உறைத்தது. பாடத்தை முடிக்கும் அவசரத்தில் நானும் அதைத்தானே செய்தேன்? இன்று ஆசிரியராக இருக்கும் என் பிள்ளைகளே, செய்முறையைப் படம் வரைந்து முடித்துவிடாதீர்கள், செய்துகாட்டுங்கள். கேள்வி கேட்கும் பிள்ளையை உட்காரச் சொல்லாதீர்கள்.

அன்று கேட்டவன் இதைப் படித்தால்: ஆமாப்பா, பேரியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஊதினாலும் வெளுக்கும். பதில் சொல்ல இவ்வளவு காலம் ஆகிவிட்டது. சாரை மன்னித்துவிடு.