முளைகளை எண்ணுங்கள்

விருந்துக்குக் காற்றடைத்த நீர்ச்சறுக்கை வாடகைக்கு எடுப்பவர்கள் காப்பீட்டுச் சான்றிதழைக் கேட்பது சரிதான். ஆனால் அத்துடன் தம் கடமை முடிந்ததென எண்ணுகிறார்கள். விபத்துக்குப் பிறகே பயன்படும் காகிதம் அது.

டாஸ்மேனியாவின் டெவன்போர்ட் நகரப் பள்ளியொன்றில், 2021 டிசம்பர் 16 அன்று, குழந்தைகள் குதித்து விளையாடிய காற்றடைத்த கோட்டையைச் சுழற்காற்று தூக்கியெறிந்தது. 6 குழந்தைகள் இறந்தனர். அறைய வேண்டிய 8 முளைகளில் நான்கே அறையப்பட்டிருந்தன. எட்டும் இருந்திருந்தாலும் அந்தக் காற்றைத் தாங்கியிராது என்று கூறி, 2025இல் நீதிமன்றம் நடத்துநரை விடுவித்தது.

முளைகளே வீண் என்று இதற்குப் பொருளல்ல. எல்லாக் காற்றும் சுழற்காற்றல்ல. ஐரோப்பியத் தரநிலை குறைந்தது 6 பிணைப்புகளைக் கோருகிறது. காற்று மணிக்கு 38 கிலோமீட்டரைத் தாண்டினால் பயன்படுத்தலாகாது என்கிறது. நீர்ச்சறுக்குக்கும் இதே எச்சரிக்கை தேவை. சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு முளைகளை எண்ணிவிட்டுக் குழந்தைகளை ஏற்றுங்கள். காற்று வலுத்தால், அழுதாலும் இறக்கிவிடுங்கள்.