வீண் பொழுதா, விளைச்சல் பொழுதா?

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

"கதைப் புத்தகம் படித்துக் கெட்டுப் போகாதே" என்ற அறிவுரையைக் கேட்காத மாணவர் நம் கல்லூரியில் எவரும் இரார். அதற்கு உடன்பிறந்த இன்னோர் அறிவுரையும் உண்டு: "நன்றாக ஓடுகிற சாமானை எதற்காகக் கழற்றுகிறாய்?" முன்னது கதைப் பித்தர்களுக்கு, பின்னது கருவிப் பித்தர்களுக்கு. இவற்றைச் சொல்பவர்கள் நம் நலம் நாடுபவர்களே என்பதில் ஐயமில்லை. எனினும் இவ்விரண்டு அறிவுரைகளையும் ஒருமுறை உரைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

உரைகல்லாகக் கணிப்பொறித் துறையை எடுத்துக்கொள்கிறேன். காரணம் வெளிப்படை. பட்டம் கைக்கு வந்ததும் சிறுசேரிக்கோ, சரவணம்பட்டிக்கோ, பெங்களூருக்கோ பேருந்து ஏறக் காத்திருப்பவர்கள் நம்மில் பலர். அந்தத் துறையை உருவாக்கியவர்களில் சிலர் வேலை போக மிஞ்சிய பொழுதில் என்ன செய்தார்கள்? மர்மக் கதை எழுதினார்கள்; விஞ்ஞானக் கதைகளில் மூழ்கினார்கள்; விளையாட்டுகளை உருவாக்கினார்கள்; வீட்டுக்குள் கம்பிகளையும் பெட்டிகளையும் நிரப்பினார்கள். நம் பெரியவர்கள் எவற்றை வீண் என்கிறார்களோ, அவற்றையே செய்தார்கள்!

கதையிலிருந்து ஆய்வகத்துக்கு

முதலில் நம் மண்ணின் சான்று. திருச்சி புனித வளனார் கல்லூரியில் நம்மைப் போலவே இயற்பியல் படித்து, குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் மின்னணுவியல் கற்று, பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராகப் பணியாற்றியவர் எஸ். ரங்கராஜன். மின்னணு வாக்குப்பதிவு இயந்திர உருவாக்கத்தில் பங்கு கொண்டவர். அவரேதாம் ‘சுஜாதா’ என்ற பெயரில் கணேஷ், வசந்த் என்னும் இரு வழக்கறிஞர்களைக் கொண்டு துப்பறியும் கதைகளை எழுதிக் குவித்தவர். 1980களில் ‘என் இனிய இயந்திரா’ தொடரில் ஜீனோ என்னும் இயந்திர நாயைத் தமிழ் வீடுகளுக்குள் உலவவிட்டவரும் அவரே. பொறியாளர் எழுத்தாளரைக் கெடுக்கவில்லை. எழுத்தாளர் பொறியாளரைக் கெடுக்கவில்லை.

எப்படிக் கெடுக்கும்? சோதனைச் சாலையில் மின்சுற்று வேலை செய்யாவிட்டால் நாம் என்ன செய்கிறோம்? பேட்டரியைச் சந்தேகிக்கிறோம், பிறகு கம்பியை, பிறகு மீட்டரை. ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே வந்து, எஞ்சியதைப் பிடிக்கிறோம். துப்பறியும் கதையின் வாசகனும் அதையே செய்கிறான். முதலில் கண்ணில் படுகிறவனைக் குற்றவாளி என்று நம்பக்கூடாது என்பதை அவன் இருபது பக்கங்களில் கற்றுக்கொள்கிறான். பொருந்தாத ஒரு சிறு தடயத்தை ஒதுக்கிவிடாமல் மனத்தில் வைத்திருக்கப் பழகுகிறான். மென்பொருளில் பிழை தேடும் வேலைக்கு இதைவிட நல்ல பயிற்சி எது?

விஞ்ஞானக் கதைகளின் கொடை இன்னும் நேரடியானது. ‘ரோபோ’ என்ற சொல்லே செக் நாட்டு எழுத்தாளர் காரெல் சாபெக் 1920 இல் எழுதிய நாடகத்திலிருந்து வந்தது. கணிப்பொறி வலையில் தானாக ஊர்ந்து பரவும் நிரலுக்கு ‘வோர்ம்’, அதாவது புழு, என்று பெயர். ஜான் பிரன்னர் 1975 இல் எழுதிய ஒரு விஞ்ஞான நாவலில் அத்தகைய நிரலுக்கு நாடாப்புழு என்று பெயரிட்டிருந்தார். கலிபோர்னியாவின் ஜெராக்ஸ் ஆராய்ச்சி மையத்தில் உண்மையிலேயே அப்படி ஒன்றை உருவாக்கிய இருவர், 1982 இல் தங்கள் ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டபோது அக்கதையிலிருந்தே பெயரை எடுத்துக்கொண்டனர். ஆய்வாளர் மேசையில் நாவல் கிடந்ததால்தானே இது நிகழ்ந்தது!

இன்னொருவர் ஆர்தர் கிளார்க். பூமத்திய ரேகைக்கு மேல் ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் மூன்று நிலையங்களைக் கொண்டு உலகம் முழுவதற்கும் செய்தி அனுப்பலாம் என்று 1945 இல் ‘ஒயர்லெஸ் வேர்ல்டு’ இதழில் விளக்கியவர். விஞ்ஞானக் கதை எழுத்தாளராகப் புகழ் பெற்று, 1956 முதல் இலங்கையில் வாழ்ந்து, 2008 இல் கொழும்பில் காலமானார். சுஜாதா மறைந்ததும் அதே ஆண்டில்தான்.

இதனால் கதை படித்தவரெல்லாம் விஞ்ஞானி ஆகிவிடுவார் என்று நான் வாதிடவில்லை. கதை படிப்பது விஞ்ஞானத்துக்குப் பகை அன்று என்பது மட்டுமே என் வாதம்.

காபிக் குடுவையும் குகையும்

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணிப்பொறி ஆய்வகத்தில் 1991 இல் ஒரு சிக்கல் எழுந்தது. பலருக்கும் பொதுவாக ஒரே காபிக் குடுவை. படியேறிப் போய்ப் பார்த்தால் குடுவை காலி! இந்த ஏமாற்றத்தைத் தவிர்க்க, குடுவையை நோக்கி ஒரு காமிராவைப் பொருத்தி, அதன் படம் அவரவர் திரையில் தெரியுமாறு செய்தனர். 1993 இல் அப்படம் உலகளாவிய வலையில் இணைக்கப்பட்டது. எங்கோ இருந்தவர்களெல்லாம் கேம்பிரிட்ஜில் காபி இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தனர்! 2001 இல் அதை நிறுத்தும் வரை அவ்வேடிக்கை தொடர்ந்தது. இன்று வீட்டு வாசல் காமிராவைக் கைப்பேசியில் பார்க்கிறோமே, அதன் முன்னோடிகளில் ஒன்று இந்தக் காபிக் குடுவை. எவரும் ஆணையிட்டுச் செய்த பணி அன்று அது.

அமெரிக்காவில் வில் குரோதர் என்பவர், இன்றைய இணையத்தின் மூதாதையான அர்ப்பாநெட்டை அமைத்த குழுவில் நிரல் எழுதியவர். அவருக்குக் குகைகளில் இறங்கி வரைபடம் எடுப்பதில் தீராத மோகம். கென்டக்கி மாநிலத்து மாமத் குகையில் தாம் கண்டவற்றை வைத்து, 1970களின் நடுவில் தம் பெண் குழந்தைகளுக்காக ஒரு கணிப்பொறி விளையாட்டை எழுதினார். படமே இல்லாத, சொற்களால் மட்டும் நகரும் விளையாட்டு. பின்னாளில் வந்த சாகச விளையாட்டுகள் பலவும் அதன் வழித்தோன்றல்களே.

1991 இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், பொழுதுபோக்காகத் தாம் ஓர் இயங்குதளம் எழுதி வருவதாக அறிவித்தார். அப்போது அவருக்கு வயது 21. நம்மைவிட ஓரிரு வயதுதான் மூத்தவர். அந்தப் பொழுதுபோக்கின் பெயர் லினக்ஸ். நம் சட்டைப்பையில் இருக்கும் ஆண்ட்ராய்டு கைப்பேசியின் அடித்தளமும் அதுவே.

அடுப்படிக்கு வந்த கணிப்பொறி

இனி வீட்டுச் சாமான்களுக்கு வருவோம். 1966 இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் ஜிம் சதர்லாண்ட் என்னும் பொறியாளர், வேண்டாமென்று கழிக்கப்பட்ட மின்னணுப் பாகங்களைக் கொண்டு தம் வீட்டுக்கென ஒரு கணிப்பொறி செய்தார். ‘எக்கோ 4’ என்று பெயர். எடை ஏறத்தாழ 360 கிலோ! கடைச் சாமான் பட்டியல் தயாரிக்கவும் வீட்டின் வெப்பநிலையைச் சீராக்கவும் முயன்ற இயந்திரம் அது. இன்று கையளவு பெட்டி செய்வதை அன்று ஒரு சுவரளவு அலமாரிகள் செய்தன. சிரிப்பு வருகிறது, ஆனால் அந்த மனிதரின் ஆர்வத்தை எண்ணினால் மரியாதையும் வருகிறது.

இங்கே ஒரு கேள்வியை நாம் கேட்டாக வேண்டும். வீட்டுக் கருவி மிச்சப்படுத்தும் நேரம் யாருக்குச் சேர்கிறது?

என் பாட்டி ஆட்டுக்கல்லில் மாவாட்டியவர். தமிழக அரசு 2011 இல் தொடங்கிய திட்டத்தில் எங்கள் வீட்டுக்கும் விலையில்லா மிக்சியும் கிரைண்டரும் மின்விசிறியும் வந்தன. அம்மாவின் தோள்வலி குறைந்தது. நாளொன்றுக்கு ஒரு மணி நேரமேனும் மிஞ்சியது. அந்த ஒரு மணி நேரத்தில் அம்மா என்ன செய்தார்? கூலிக்குப் பூக் கட்டினார். அந்தக் காசு என் கல்லூரிக் கட்டணத்திலும் இருக்கிறது. ஆகவே அந்தக் கிரைண்டரை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் அம்மாவுக்கு எதில் ஆர்வம் என்று அந்த நாள் வரை எவரும் கேட்டதில்லை. நேரத்தை மிச்சப்படுத்துவது கருவியின் வேலை. மிஞ்சிய நேரம் யாருக்கு என்று முடிவு செய்வது சமுதாயத்தின் வேலை.

அம்மாவின் கதைதான் நாளை நம் கதை. இன்ஃபோசிஸ் நிறுவனர்களில் ஒருவரான நாராயண மூர்த்தி, இளைஞர்கள் வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று 2023 இல் கூறினார். கணக்குப் போட்டுப் பார்ப்போம். வாரத்துக்கு 168 மணி. உழைப்புக்கு 70. உறக்கத்துக்கு நாளுக்கு 8 என்றால் 56. மீதி 42. குளியல், உணவு, பேருந்துப் பயணம் ஆகியவற்றுக்கு நாளுக்கு 4 என்றால் 28. எஞ்சுவது 14, அதாவது நாளுக்கு இரண்டே மணி. அதிலும் சமையலும் குழந்தையும் பெண்ணின் பொறுப்பே என்றிருக்கும் வீட்டில், பெண் ஊழியருக்கு அந்த இரண்டு மணியும் இல்லை. காபிக் குடுவையும் லினக்ஸும் எந்த மணியில் பிறக்கும், நண்பர்களே?

வாங்குவது வேறு, அறிவது வேறு

ஆர்வம் என்ற பெயரில் இன்னொரு பொருளும் சந்தையில் விற்கிறது. பேசினால் எரியும் விளக்கு, தானே பெருக்கும் இயந்திரம், பாட்டுப் போடும் ஒலிபெருக்கி என ஒவ்வொன்றாக வாங்கி அடுக்குவதே கருவி ஆர்வம் என்று விளம்பரங்கள் நம்மை நம்பச் செய்கின்றன. அவற்றில் பயன் உண்டு, மறுக்கவில்லை. நோயுற்றவருக்கும் பார்வையற்றவருக்கும் குரலால் இயங்கும் கருவி பேருதவி. ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாமல் வாங்குபவன் கருவியின் எசமானன் அல்லன்.

அமெரிக்காவில் ‘ரிவால்வ்’ என்று ஒரு வீட்டுக் கருவி விற்கப்பட்டது. விளக்கு, பூட்டு முதலியவற்றை ஒன்றாய் இணைத்து இயக்குவது. விலை ஏறத்தாழ 300 டாலர். அதைச் செய்த நிறுவனத்தை 2014 இல் வேறொரு நிறுவனம் வாங்கியது. 2016 இல் அக்கருவிக்கான சேவை நிறுத்தப்பட்டது. கருவி பழுதாகவில்லை, எங்கோ இருந்த கணிப்பொறி மௌனமானதும் வீட்டில் இருந்த பெட்டி வெறும் டப்பாவாகிவிட்டது! நம் தெரு மிக்சி பழுதுபார்ப்பவரிடம் எந்த மிக்சிக்கும் இப்படி ஒரு சாவு வருவதில்லை. திருகைக் கழற்றி, கார்பன் பிரஷ்ஷை மாற்றி, உயிர்ப்பித்துத் தந்துவிடுகிறார். சதர்லாண்டுக்கு நெருங்கிய உறவினர் அவர்தாமே தவிர, கடை திறந்த அன்றே புதுக்கருவி வாங்க வரிசையில் நிற்பவர் அல்லர்.

ஏழைக்கு ஆர்வம் எதற்கு?

"இதெல்லாம் வசதி படைத்தவர் பேச்சு, முதலில் வேலை, பிறகுதான் ஆர்வம்" என்று சிலர் கூறலாம். இந்த மறுப்பை நான் எளிதில் தள்ளிவிட மாட்டேன். முதல் சுழற்சி முடிந்ததும் துணிக்கடைக்கும் கைப்பேசிக் கடைக்கும் வேலைக்கு ஓடும் வகுப்புத் தோழர்களை நாள்தோறும் பார்க்கிறேன். எங்கள் வீட்டில் நானே முதல் பட்டதாரி ஆகப் போகிறேன். பாடநூல் தவிர வேறு நூல் வீட்டில் இருந்ததில்லை. எனக்கு வேலை வேண்டும். அதில் இரண்டாம் கருத்து இல்லை.

ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். வசதியான வீட்டுப் பிள்ளைக்கு அலமாரி நிறையக் கதைகளும் உடைத்துப் பார்க்கப் பழைய ரேடியோவும் வீட்டிலேயே கிடைக்கின்றன. நேர்முகத் தேர்வில் "ஓய்வு நேரத்தில் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டால் அவர் கண் மின்னப் பேசுகிறார். நாமோ, "பாடம் படிப்பேன், ஐயா" என்று கூறிவிட்டுத் தலைகுனிகிறோம். ஆர்வத்தை நம்மிடமிருந்து விலக்கி வைத்துவிட்டு, பிறகு ஆர்வம் இல்லாதவர் என்று நம்மையே விலக்குவது எந்த நியாயம்? ஆகவே ஆர்வம் என்பது பணக்காரரின் ஆடம்பரம் அன்று. ஏழை மாணவருக்கும் உரிய பங்கு.

அதற்கான வழியும் நம் மாநிலத்துக்குப் புதிதன்று. பொது நூலகங்களுக்கெனச் சுதந்திர இந்தியாவில் முதன்முதலாகச் சட்டம் இயற்றியது 1948 இல் அன்றைய சென்னை மாகாணம். வீட்டில் நூல் இல்லாதவருக்கு ஊரே நூல் தரவேண்டும் என்பதே அதன் உட்பொருள். அந்த உணர்வோடு நம் கல்லூரிக்கு மூன்று கோரிக்கைகளை வைக்கிறேன்.

ஒன்று: நூலகத்தில் துப்பறியும் கதைகளுக்கும் விஞ்ஞானக் கதைகளுக்கும் தனி அலமாரி வேண்டும். அது பூட்டப்படாத அலமாரியாக இருக்க வேண்டும். இரண்டு: இரண்டு சுழற்சி மாணவரும் பயன்பெறுமாறு நூலகம் மாலை ஆறு மணி வரை திறந்திருக்க வேண்டும். மூன்று: மாதம் ஒரு சனிக்கிழமை இயற்பியல் ஆய்வகத்தில் பழுதுபார்க்கும் நாள் நடத்த வேண்டும். வீட்டில் கெட்டுப்போன மிக்சி, மின்விசிறி, டார்ச் எதையும் கொண்டுவரலாம், ஆசிரியர் மேற்பார்வையில் பிரிக்கலாம், மதிப்பெண் இல்லை. தெரு முனையில் பழுதுபார்ப்பவரையே சிறப்பு விருந்தினராக அழைப்போம். ஓம் விதி அவர் விரல்நுனியில் இருக்கிறது.

இவற்றுக்குப் பெரும் செலவு இல்லை. தேவைப்படுவது ஒரு சாவியும் சில மணி நேரமும், மாணவர் கெட்டுப் போய்விட மாட்டார் என்ற நம்பிக்கையுமே. ஆசிரியப் பெருமக்கள் அந்த நம்பிக்கையைத் தருவார்களாயின், வரும் ஆண்டு மலரில் எங்கள் துறைப் பக்கத்தில் எத்தனை மிக்சிகள் மீண்டும் ஓடின என்ற கணக்கை நாங்கள் எழுதுவோம்.