குழாய்க்குள் காப்பு, தோலின்மேல் கைவிடல்

தோல்நோய் மருத்துவ வரலாற்றில் 1952ஆம் ஆண்டு ஒரு திருப்புமுனையாகும். சுல்ஸ்பேகர், விற்றன் என்னும் இருவரும் ஐதரோகோட்டிசோனைத் தோலின்மேற் பூசிப் பயன் கண்டமையை அவ்வாண்டிலேயே வெளியிட்டனர். அதன்பின் தோன்றிய கோட்டிக்கோஸ்தெரொயிட்டுப் பூச்சுமருந்துகள் கரப்பான் முதலிய நோய்களால் வருந்தியோர்க்குப் பெருந்துணையாயின. எனினும், இம்மருந்துகளை ஒளியினின்று காக்கும் கடமை குழாயின் மூடி திறக்கப்பட்டதும் முடிந்துவிடுகிறது என்ற எண்ணம் மருந்தாக்கத் துறையில் இன்னும் வேரூன்றியுள்ளது. இவ்வெண்ணம் அறிவியலுக்கும் ஒவ்வாது. மருத்துவ அறத்துக்கும் ஒவ்வாது.

ஐதரோகோட்டிசோனின் முதல் வளையத்தில் ஓர் இரட்டைப் பிணைப்பே உண்டு. 1950களின் நடுப்பகுதியில் அவ்வளையத்தில் இன்னோர் இரட்டைப் பிணைப்பைப் புகுத்திப் பிரெட்னிசலோனை ஆக்கினர். அழற்சியைத் தணிக்கும் ஆற்றல் ஏறத்தாழ நான்கு மடங்காயிற்று. பீற்றாமெதசோன், திரையம்சினலோன், குளோபெற்றசோல் ஆகியவையும் இவ்வமைப்பினவே. ஆனால் வலிமை தந்த பிணைப்பே நலிவையும் தந்தது. இவ்வகை வளையம் கழியூதாக் கதிரை உறிஞ்சிக் கட்டமைப்பு மாறும். மருந்து வேறு சேர்வைகளாகிவிடும். இஃது எதிர்பாராத செய்தியுமன்று. இத்தகைய வளையமுடைய சந்தோனினின் பளிங்குகள் ஞாயிற்றொளியில் மஞ்சளாகி வெடிப்பதை 1834இலேயே திறொம்ஸ்டோவ் கண்டறிந்தார்.

இம்மருந்துகள் மிகுதியாக உறிஞ்சுவது 240 நனோமீற்றர் அளவிலான கதிர்களையே; அவை நிலத்தை எட்டுவதில்லை என்று வாதிடுவோர் உளர். அவ்வுறிஞ்சல் 300 நனோமீற்றர் வரையும் அதற்கப்பாலும் மெலிந்து நீள்வதை அவர்கள் மறந்துவிடுகின்றனர். அக்கதிர்கள் நிலத்தை எட்டுகின்றன. புவிநடுக்கோட்டை அண்டிய நாடுகளிலோ மிகுதியாகவே எட்டுகின்றன.

மருந்துகளின் ஒளிநிலைப்பைச் சோதிப்பதற்குச் சர்வதேச ஒத்திசைவு மாநாடு 1996இல் வழிகாட்டி ஒன்றை வகுத்தது. 12 இலட்சம் லக்ஸ் மணி ஒளியும், சதுர மீற்றருக்கு 200 உவாற்று மணி கழியூதாக் கதிரும் அதில் விதிக்கப்பட்ட குறைந்த அளவுகளாகும். மருந்து தனித்து நின்று சிதைந்தாலும் பொதியினுள் நிலைத்தால் அது போதுமெனக் கொள்ளப்படும். மருந்தை உடலிற் செலுத்திய பின் நிகழ்வது தன் எல்லைக்கு அப்பாற்பட்டதென அவ்வழிகாட்டியே கூறுகின்றது. தோற் களிம்புகளைப் பயன்பாட்டு நிலையிற் சோதித்தல் பொருத்தமாகலாம் என்று குறிப்பிட்டுவிட்டு, அதன் அளவை விண்ணப்பதாரரின் விருப்பத்துக்கே விட்டுவிடுகின்றது. விற்பவரின் விருப்பம் நோயாளியின் காப்பாகுமா?

விரல்நுனியளவு களிம்பு ஏறத்தாழ அரைக் கிராம். அது வளர்ந்தோரின் இரு கையளவுப் பரப்பை மூடும். ஆகவே தோலின்மேல் அது ஒரு மில்லிமீற்றரின் ஐம்பதில் ஒரு பங்கிலும் மெல்லிய படலமாகும். குழாயினுள் மேற்படை கீழ்ப்படையைக் காக்கும். இப்படலத்திலோ அக்காப்பு அற்பமே. 0.1 சதவீதக் களிம்பாயின், அப்பரப்பு முழுவதிலும் உள்ள மருந்து அரை மில்லிகிராம் மட்டுமே.

மருந்து விரைவிலே தோலினுள் இறங்கிவிடும் என்பர் சிலர். முன்கையிற் பூசிய ஐதரோகோட்டிசோனில் ஏறத்தாழ 1 சதவீதமே உடலினுட் புகுவதாக 1967இல் வெளியான அளவீடுகள் காட்டின. இரவிற் பூசினாற் போதும் என்பர் வேறு சிலர். போதுமாயின் அதனைப் பொதியில் அச்சிடுதல் வேண்டும். நாளுக்கு இருமுறை பூசுமாறு பணித்துவிட்டு, வயலிலும் கடலிலும் உழைப்பவனின் கைகளை வெயிலுக்கு விட்டுவிடுதல் நேர்மையன்று.

பரிகாரங்கள் இல்லாமலில்லை. கழியூதாக் கதிரை உறிஞ்சும் பொருள்களைக் களிம்பிற் சேர்க்கலாம். மருந்து மூலக்கூறைச் சைக்கிளோடெக்ஸ்திரினுள் அடக்கலாம். களிம்பின் தளத்தை மாற்றியமைக்கலாம். ஆயினும் கண்மூடிச் சேர்த்தல் கேடாகும். மேற்பூச்சற்ற தைத்தேனியம் ஈரொட்சைட்டு கதிர் பட்டதும் தானே ஒட்சியேற்றத்தைத் தூண்டும். உறிஞ்சுபொருள்களுட் சில ஒவ்வாமையைத் தரும். எனவே ஒவ்வொரு சேர்க்கையும் மெல்லிய படலமாக, வெயிலுக்கு ஒப்பான ஒளியிற் சோதிக்கப்படுதல் இன்றியமையாதது.

ஒளியால் மருந்து சிதைந்தமையை அறியாத மருத்துவர், நோய் அடங்கவில்லையெனக் கருதி வலிமை கூடிய மருந்தை எழுதிக் கொடுக்கக்கூடும். வலிய ஸ்தெரொயிட்டு நீடித்தால் தோல் மெலியும். குழாயின் குறைக்கு நோயாளியின் தோல் விலை கொடுக்கலாகாது. பயன்பாட்டு நிலைச் சோதனை விருப்பமாக இருந்தது போதும். அது விதியாக வேண்டும்.