நூப் இருக்கட்டும், பாட் வேண்டாம்

“டேய், நாக் ஆயிட்டேன்டா. ரிவைவ் குடு. சோன் வருது பாரு, சீக்கிரம் வாடா நூப்பு!”

நார்த்தாமலையில், விஜயாலய சோழீச்சரத்துக்கு ஏறும் பாறைச் சரிவில் ஒரு சாயங்காலம் இதைக் கேட்டேன். சொன்னவன் என் அக்கா மகன். பதினொன்றாம் வகுப்பு. பங்குனித் திருவிழாவுக்காக அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். முத்துமாரியம்மன் கோயில் பக்கம் கூட்டம் நெரிய, இவன் மூன்று கூட்டாளிகளோடு பாறைமேல் உட்கார்ந்திருந்தான். நாலு பேர், நாலு போன், ஒரு பவர் பேங்க். டவர் அங்கேதான் ஒழுங்காகக் கிடைக்கிறதாம். வெயில் இறங்கியும் பாறை சுட்டது.

சோழீச்சரத்தைப் பார்த்துவிட்டு இறங்கிய வெளியூர்ப் பெரியவர் ஒருவர் என் பக்கத்தில் நின்றார். “இதுங்கள்லாம் தமிழ்நாட்டுல பொறந்ததுங்களா சார்? ஒரு வார்த்தை வெளங்கல. மொழி செத்துப்போச்சு” என்றார். நான் தலையாட்டினேன். பிழைதிருத்துகிறவன் நான். ஒற்று மிகுமா மிகாதா என்று பார்த்துக் கொடுத்துச் சம்பளம் வாங்குகிறவன். என்னிடம் வேறெதை எதிர்பார்ப்பார்? ஆனால் அந்தத் தலையாட்டல் ராத்திரி முழுக்க உறுத்தியது. பொய்யாகத் தலையாட்டியிருக்கிறேன். 2020 ஊரடங்கில் நானே பப்ஜி ஆடி, முகம் தெரியாத ஒரு பொடியனிடம் “அங்கிள் நூப்பு” என்று பேர் வாங்கியவன்.

பெரியவருக்கு அன்றைக்குச் சொல்லாததை இங்கே சொல்கிறேன்.

முதலில் அந்த வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். ஆயிட்டேன், குடு, வருது, பாரு, வா. வாக்கியத்தைத் தூக்கி நிறுத்துகிற வினை எல்லாமே தமிழ். இரவல் வாங்கியிருப்பது நாலு பெயர்ச்சொல்லை. அதையும் வாங்கியபடி வைத்திருக்கவில்லை. ‘நூப்’ என்று வெடுக்கென்று நின்ற சொல்லுக்கு உகரம் சேர்த்து ‘நூப்பு’ ஆக்கியாயிற்று. பஸ்ஸு, காரு, பேங்க்கு எல்லாவற்றுக்கும் நம் வாய் செய்த அதே காரியம். பிறகு வேற்றுமை உருபு: நூப்பை நம்பாத, நூப்புக்கு ஏன் கன் குடுத்த. இதைச் செய்ய அந்தப் பையன்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. செத்த மொழி இப்படி எதிரே வந்த சொல்லையெல்லாம் மென்று விழுங்காது. வடசொல்லை அதன் எழுத்தைக் கழித்துவிட்டு எடுத்துக்கொள்ளலாம் என்று தொல்காப்பியமே இடம் கொடுத்திருக்கிறது. பையன்கள் அதைப் படித்திருக்க மாட்டார்கள். விதி அவர்கள் வாயில் இருக்கிறது.

அந்தப் பெரியவர் நின்றுகொண்டிருந்த இடத்தையாவது யோசித்திருக்கலாம். நார்த்தாமலை என்ற பெயரே தேய்ந்த சொல். ‘நகரத்தார் மலை’தான் இப்படி ஆயிற்று என்கிறார்கள். நாரதர் பெயரை ஒட்டவைக்கும் கதையும் ஊரில் உண்டு. சோழர் காலத்தில் இது வணிகர்களின் ஊர். கல்வெட்டில் தெலுங்க குலகாலபுரம் என்று ஒரு பெயர் வருகிறது. ‘நகரம்’ என்றால் அன்றைக்கு வணிகர் சபை. ஐந்நூற்றுவர் போன்ற வணிகக் குழுக்கள் ஊர் ஊராய், கடல் தாண்டியும் போனார்கள். சுமத்ராவின் பாருஸ் பக்கம் 1088இல் அவர்கள் தமிழிலேயே ஒரு கல்வெட்டு வைத்துவிட்டு வந்திருக்கிறார்கள். சரக்கு போன வழியில் சொல்லும் போனது. நம் ‘கப்பல்’ மலாயில் ‘காப்பால்’. நம் ‘கடை’ அங்கே ‘கெடாய்’. போர்ச்சுக்கீசியர் வந்து சாவி, ஜன்னல், அலமாரி கொடுத்தார்கள். இன்றைக்கு ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டுதான் மொழி செத்தது என்று அழுகிறோம்.

பையன்கள் வாய்க்கு வாய் சொல்லும் ‘லூட்’ கதை இன்னும் வேடிக்கை. இந்துஸ்தானிச் சொல் அது. கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் இங்கே என்னென்ன எடுத்துப் போனானோ, அதோடு சேர்த்து அந்தச் சொல்லையும் எடுத்துப் போனான். நம் வீட்டில் பிள்ளைகள் அடிக்கிற ‘லூட்டி’யும் அதே வீட்டுப் பிள்ளைதான். கம்பெனி எடுத்துப் போன சொல் ஒரு கொரியக் கம்பெனியின் விளையாட்டில் ஏறித் திரும்பி வந்து, நார்த்தாமலைப் பாறையில் “அந்த வீட்ல லூட் இருக்கு, ஏறு” என்கிறது. இதைக் கேட்டு எனக்குச் சிரிப்புதான் வந்தது.

விளையாட்டிலிருந்து பேச்சுக்குச் சொல் வருவதும் புதிதா என்ன? அரசியல்வாதி ‘காய் நகர்த்துகிறார்’ என்று எழுதாத பத்திரிகை உண்டா? ‘பகடைக்காய்’, ‘துருப்புச்சீட்டு’, ‘ஆட்டையைக் கலைக்கிறது’. எங்கள் ஜில்லாவில் ஜல்லிக்கட்டு இல்லாமல் பேச்சே கிடையாது. 2019 ஜனவரியில் விராலிமலையில் ஒரே நாளில் ஆயிரத்து முந்நூறுக்கும் மேல் காளைகள் அவிழ்த்துவிட்ட பூமி இது. பிடிகொடுக்காமல் திமிறி நிற்கிற மாட்டை ‘நின்னு விளையாடுது’ என்பார்கள். பஞ்சாயத்தில் மடக்கி மடக்கிப் பேசுகிறவரையும் “மனுசன் நின்னு விளையாடுறாருப்பா” என்பார்கள். அப்புறம் கிரிக்கெட். என் அப்பா தலைமுறையில் காதலில் விழுந்தவன் ‘கிளீன் போல்டு’. பரீட்சையில் போனவன் ‘டக் அவுட்’. இங்கிலீஷ்காரனின் மட்டையும் பந்தும் தமிழாகிவிட்டால், ஃப்ரீ ஃபயர் மட்டும் ஏன் தீட்டு?

ஏனென்றால் பேசுகிறவன் யார் என்பதுதான் கணக்கு. சென்னையில் ஐடி கம்பெனியில் இருக்கும் ஒருவர் கல்யாண வீட்டில், “இந்த வாரம் எனக்கு பேண்ட்விட்த் இல்ல சார்” என்கிறார். அதுவும் இயந்திரச் சொல்தான். யாரும் மொழி செத்தது என்று சொல்லவில்லை. “தம்பி நல்ல பொசிஷன்ல இருக்காப்ல” என்றார்கள். கல் உடைக்கிறவர் மகனும் ஆடு மேய்க்கிறவர் பேரனும் ‘லேக்’ என்றால் மட்டும் கலாச்சாரச் சீரழிவு. ஃப்ரீ ஃபயர் எங்கள் பக்கத்து ஊர்களில் அப்படிப் பரவியதற்குக் காரணமே மலிவான போனிலும் ஓடியதுதான். 2016இல் ஜியோ வந்தது. 2020இல் பள்ளிக்கூடம் மூடி, பாடம் படிக்கவென்று கடனை வாங்கி போன் வாங்கிக் கொடுத்தார்கள். பாடம் பாதியில் நிற்கும், ஆட்டம் நிற்காது. அந்த செப்டம்பரில் பப்ஜியைத் தடை செய்தார்கள், 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயரை. வேறு பெயரில், ‘மேக்ஸ்’ என்ற வாலோடு, ஆட்டம் ஓடிக்கொண்டேதான் இருந்தது. ஓடாமல் போயிருந்தாலும் சொல் போயிருக்காது. அதற்கு சர்வர் தேவையில்லை.

அந்தச் சொற்கள் செய்கிற வேலையையும் பார்க்கவேண்டும். அக்கா வீட்டுக்காரருக்குக் கேள்வி கேட்டால் அரை நிமிஷம் கழித்துத்தான் பதில் வரும். மகன் சொல்கிறான்: “அப்பா லேக் ஆவுறாரு.” ‘மந்தம்’ என்றால் வசவு. ‘லேக்’ என்றால் ஆள் சரியாகத்தான் இருக்கிறார், லைன்தான் கொஞ்சம் மெதுவு. இவ்வளவு மரியாதையாக அப்பாவைக் கிண்டல் செய்ய எங்களுக்கு வார்த்தை இருந்ததில்லை. ‘சோன்’ இன்னும் கனமானது. ஆட்டத்தில் பத்திரமான வட்டம் சுருங்கிக்கொண்டே வரும், வெளியே நிற்பவன் சாவான். பப்ளிக் பரீட்சை நெருங்குகையில் ஒரு பையன் “சோன் சுருங்குதுடா” என்றான். டிப்ளமோ முடித்து இரண்டு வருஷமாய் வேலை தேடும் பக்கத்து வீட்டு அண்ணனும் அதையே சொன்னான், சிரிக்காமல். நாங்கள் கவிதை எழுதித் திணறுகிற இடம் அது.

‘நூப்’பும் கெட்ட சொல் இல்லை. புதியவனைக் குறிக்கும் ‘நியூபி’தான் சுருங்கித் திரிந்து நூப் ஆயிற்று. இன்றைக்கு நூப், நாலு மாசத்தில் இல்லை. ஆட்டத்துக்குள் இருப்பவனைத்தான் நூப் என்று திட்ட முடியும்.

இவ்வளவு வக்காலத்து வாங்கிவிட்டு, இனி இந்தப் பையன்களிடமே சண்டைக்கு வருகிறேன்.

மறுநாள் காலை மருமகனோடு டீ குடிக்கப் போனேன். ரோட்டோரம் ஒரு டீக்கடை, எதென்று சொல்லத் தேவையில்லை. கண்ணாடி டம்ளர் கழுவி, டேபிள் துடைத்துக்கொண்டிருந்தவர் ஒடிசாவிலிருந்து வந்தவர். இருபது வயதிருக்கலாம். எங்கள் பையன்களில் ஒருவன் உள்ளே பார்த்து, “அந்தப் பாட்டுகிட்ட நாலு டீ சொல்லு” என்றான். எனக்கு முதலில் புரியவில்லை. எந்தப் பாட்டு? எல்லோரும் சிரித்தார்கள். மருமகன் விளக்கினான்: “பாட் மாமா. கேம்ல வருமே, கம்ப்யூட்டர் ஆளு. பேசாது, சும்மா நடக்கும், சுட்டா செத்துரும்.”

பப்ஜி ஆடியவர்களுக்குத் தெரியும். ஆள் எண்ணிக்கையை நிரப்பவும், புதிதாக வருகிறவன் சுட்டுச் சந்தோஷப்படவும் உள்ளே விடப்படும் பொம்மைகள்தான் பாட். அவற்றுக்குப் பெயர் இருக்கும், சட்டை இருக்கும், உள்ளே யாரும் இருக்கமாட்டார்கள். நூப்புக்கும் பாட்டுக்கும் உள்ள தூரம் இதுதான். நூப் ஆடத் தெரியாதவன். பாட் ஆளே இல்லை.

“சும்மா ஜாலிக்கு மாமா” என்றான் மருமகன். இந்த வரியை எனக்குத் தெரியும். ஊர்த்தெருவில் சாதிப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டவர்களும் ஜாலியாகத்தான் கூப்பிட்டார்கள். அவர்கள் சொன்னது நல்ல தமிழ். இரவல் சொல் ஒன்றுகூடக் கிடையாது. மொழித்தூய்மை பேசுகிறவர்களிடம் எனக்குள்ள சண்டையும் இதேதான். ‘பாட்’டில் அவர்கள் கண்டுபிடிக்கும் குற்றம் அது இங்கிலீஷ் என்பது. “தானியங்கிப் பொம்மை” என்று மாற்றிக்கொடுத்தால் திருப்தியாகப் போய்விடுவார்கள். அந்தப் பையன் டம்ளரைக் கழுவிக்கொண்டே இருப்பான்.

முன்பு நாங்கள் தெருவில் ஆடும்போது வாண்டுகள் அழுதுகொண்டு வந்து நிற்கும். சேர்த்துக்கொள்வோம், கணக்கில் எடுக்கமாட்டோம். அதற்குப் பெயர் ‘ஒப்புக்குச் சப்பாணி’. நடக்க முடியாதவரை இழிக்கும் சொல் அது, அதைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லவில்லை. ஆனால் அந்த வாண்டு அடுத்த வருஷம் சரியான ஆட்டக்காரனாகிவிடும். பாட்டுக்கு அடுத்த வருஷம் கிடையாது.

‘அவன் பாட்டுக்கு வேலை செய்யுறான்’ என்று தமிழில் சொல்வோம். யாரையும் தொந்தரவு செய்யாமல் தன் வழியில் இருக்கிறவன் என்று அர்த்தம். எழுத்தில் பார்த்தால் இரண்டு ‘பாட்டு’க்கும் வித்தியாசம் தெரியாது. பிழைதிருத்துகிறவனுக்கு இப்படி ஒரு சோதனை.

அன்று ராத்திரி பத்து மணிக்கு மேல் அதே கடைக்குப் போனேன். ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. அவர் உள்ளே பெஞ்சில் கால் நீட்டி உட்கார்ந்து, திரை விரிசல் விட்ட போனில் ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் ஆடிக்கொண்டிருந்தார். நான் சத்தியமாக எதிர்பார்க்கவில்லை. யோசித்தால், இருபது வயது ஆள் வேறென்ன செய்வார்? நான் ஏன் எதிர்பார்க்கவில்லை என்பதுதான் கேள்வி. மருமகனைத் திட்டிவிட்டு வந்தவன் நான். பெயர் கேட்டேன், சொன்னார். அவரைக் கேட்காமல் இங்கே எழுதவில்லை. ஊரில் கூடப் படித்தவர்களோடுதான் ஆடுவாராம். ஒருவன் சூரத்தில், ஒருவன் திருப்பூரில். எங்கள் பையன்களைவிட லெவல் அதிகம்.

“இந்த ஊர்ப் பசங்களோட ஆடலாமே?”

கொஞ்சம் தமிழும் கொஞ்சம் கையுமாகச் சொன்னார். “ஆடினேன் அண்ணா. மைக் ஆன் பண்ணினா சிரிக்கிறாங்க. திட்டுறாங்க. மைக் ஆஃப் பண்ணிட்டேன்.”

மைக்கை ஆஃப் செய்துகொண்டு ஆடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். என் தோழி ஒருத்தி இரண்டு வருஷம் ஆடினாள், ஒருநாளும் வாய் திறக்கவில்லை. குரல் கேட்டால் என்னென்ன வரும் என்பது முதல் நாளே தெரிந்துவிட்டது என்றாள். பேசாமலே ஆடியதால் அவளையும் யாரோ பாட் என்று நினைத்திருப்பார்கள். வாயை அடைத்துவிட்டு, பேசாத ஜென்மம் என்று பெயரும் வைக்கிறோம்.

மருமகனிடம் இதைச் சொன்னேன். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் லேக் ஆனான், அவன் அப்பாவைப் போல. பிறகு “அந்த அண்ணன் என்ன லெவல்?” என்றான். சொன்னேன். “பொய் சொல்லாத மாமா” என்றான். ஐடியைக் கேட்டு வாங்கித்தரச் சொன்னான். நீயே போய்க் கேள் என்றேன். போனானா என்று எனக்குத் தெரியாது, மறுநாள் காலை பஸ்ஸில் புதுக்கோட்டைக்கு வந்துவிட்டேன்.

என்னிடம் ஐடி இருந்தது. போன ஞாயிற்றுக்கிழமை ராத்திரி அவரோடும், சூரத்துக்காரரோடும், திருப்பூர்க்காரரோடும் ஒரு ஆட்டம் ஆடினேன். இறங்கிய இரண்டாவது நிமிஷம் செத்தேன். ஹெட்செட்டில் மூன்று பேரும் ஒடியாவில் ஏதோ கத்தினார்கள். அதில் எனக்கு ஒரே ஒரு சொல் புரிந்தது.

“நூப் அண்ணா!”