பாட்டிலே ஒரு வழக்கு

இருவருக்குள் தீராத பகை மூண்டால் என்ன செய்வார்கள்? அடிதடியில் இறங்குவார்கள், அல்லது நீதிமன்றம் போவார்கள். கிரீன்லாந்தின் கிழக்குக் கரையில் வாழும் இனுயிட் மக்கள் முற்காலத்தில் வேறொரு வழி கண்டிருந்தார்கள். ஊர் கூடிய இடத்தில் இருவரும் எதிரெதிரே நிற்பார்கள். ஒருவர் வட்டமான பறை ஒன்றை ஏந்தி, அதன் விளிம்பைக் குச்சியால் தட்டிக்கொண்டே எதிராளியின் குறைகளைக் கேலியாகப் பாடுவார். மற்றவர் முகம் சுளிக்காமல் கேட்க வேண்டும். பிறகு அவருடைய முறை வரும். கோபத்தைக் காட்டியவருக்கு மதிப்புப் போய்விடும். ஊராரின் சிரிப்பே தீர்ப்பு!

இது ஏதோ ஒரு மூலையில் மட்டும் நிகழ்ந்த விந்தையன்று. ஸ்பெயினும் பிரான்சும் சந்திக்கும் மலைநாட்டில் பாஸ்க் மொழி பேசும் மக்கள், மேடையில் கொடுக்கும் தலைப்புக்கு அந்தக் கணமே மெட்டும் எதுகையும் தவறாமல் பாட்டுக் கட்டிப் போட்டியிடுகிறார்கள். பம்ப்லோனா நகரில் 2022-ல் நடந்த இறுதிப் போட்டியைக் காண 10,000 பேருக்கு மேல் கூடினர். நம் தஞ்சைப் பகுதியிலோ, காமன் பண்டிகையின்போது மன்மதன் எரிந்தானா, எரியவில்லையா என்று இரு கட்சியாகப் பிரிந்து விடிய விடியப் பாடும் லாவணி உண்டு.

சண்டை போடுவதற்கு மனிதன் ஏன் பாட்டைத் தேர்ந்தான்? இந்தக் கேள்வி, இசை எப்படித் தோன்றியது என்னும் பெரிய கேள்வியோடு பிணைந்தது. துணையைக் கவர்வதற்காகவே நம் முன்னோர் இசைக்கத் தொடங்கினர் என்று டார்வின் 1871-ல் எழுதினார். அந்த விவாதம் இன்னும் முடியவில்லை. 2021-ல் ஒரே ஆய்விதழில் இரண்டு குழுவினர் எதிரெதிராக எழுதினார்கள். பாடுபவரின் வலிமையையும் அக்கறையையும் பிறர் நம்பும்படி காட்டும் அடையாளமே இசை என்றது ஒரு குழு. மக்களை ஒன்றாகப் பிணைக்கும் கயிறே இசை என்றது மற்றொன்று.

முதற்குழுவின் கருத்தை விளங்கிக்கொள்ள மான் ஒன்று உதவும். ஸ்காட்லாந்தின் ரம் தீவில் வாழும் செம்மான்களைப் பற்றிய ஆய்வு 1979-ல் வெளியாயிற்று. இனப்பெருக்கக் காலத்தில் இரு ஆண் மான்கள் எதிர்ப்பட்டால் உடனே கொம்பு கோப்பதில்லை. மாறி மாறி உறுமுகின்றன. உறுமுவது களைப்பூட்டும் வேலை. வலுவில்லாத மான் அதை நெடுநேரம் தொடர முடியாது. ஆகவே பெரும்பாலும் ஒன்று விலகிப் போகிறது. குருதி சிந்தாமலே பலம் தெரிந்துவிடுகிறது.

பாட்டுச் சண்டையும் இப்படித்தானோ? பாதி ஆம், பாதி இல்லை என்பது என் கருத்து. நினைவாற்றலையும் சொல்வன்மையையும் பொய்யாகக் காட்ட முடியாது. அதுவரை மானும் மனிதனும் ஒன்றே. ஆனால் லாவணிப் பாடகர் எதிராளியின் கேள்வியை முழுதும் கேட்கிறார். அதற்குப் பொருந்தும் விடையைத் தாளம் தவறாமல் தருகிறார். விதிகளுக்கு இருவரும் கட்டுப்படுகிறார்கள். கேட்போரை நடுவராக ஏற்கிறார்கள். ஒத்துழைப்பு இல்லாமல் இந்தப் போட்டியே நடக்காது! ஆகவே போட்டியா, பிணைப்பா என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வதே பொருத்தமில்லை. இரண்டும் ஒரே நாணயத்தின் இரு பக்கங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. இனுயிட் மக்களையோ லாவணிப் பாடகரையோ ஆதிமனிதனின் எச்சம் என்று எண்ணிவிடக் கூடாது. அவர்களும் நம்மைப் போல இக்கால மனிதர்களே. ஜெர்மனியின் குகை ஒன்றில் கிடைத்த கழுகெலும்புக் குழல் 35,000 ஆண்டுகளுக்கும் பழையது. குழல் எஞ்சும், குரல் எஞ்சாது. எனவே பாட்டின் பிறப்பை நேரே நிறுவ முடியாது. ஆனால் எந்த விளக்கம் சரியென்றாலும், அது பாட்டுச் சண்டைக்கும் பொருந்தியாக வேண்டும்.

இதை நாமே அளந்து பார்க்கலாமே! பத்து மொழிகளில் நடந்த ஓர் ஆய்வு 2009-ல் வெளியாயிற்று. உரையாடலில் கேள்விக்கும் பதிலுக்கும் இடையே சராசரியாக 1/5 நொடிதான் கழிகிறது என்று அது காட்டியது. லாவணியில் அந்த இடைவெளி எவ்வளவு? எதிராளியின் சுருதியைப் பாடகர் பின்பற்றுகிறாரா, மாற்றுகிறாரா? ஒரு செல்பேசியும் பொறுமையும் இருந்தால் பதிவு செய்துவிடலாம். கிரீன்லாந்தின் பறைப் பாட்டு வழக்குகள் மறைந்துவிட்டன. லாவணி பாடுவோரும் குறைந்து வருகிறார்கள். மாணவர்களே, அவர்கள் பாடும்போதே போய்க் கேளுங்கள், அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.