இரைப்பைக்குப் பல் இல்லை!



மதிய உணவு மணி அடித்ததும் என்ன செய்கிறீர்கள்? ஐந்தே நிமிடத்தில் சாப்பாட்டை முடித்துவிட்டு விளையாட ஓடுகிறீர்கள், இல்லையா? நான் வகுப்பாசிரியராக இருந்த காலத்திலும் இதே கதைதான். அவித்த முட்டையை இரண்டே வாயில் விழுங்கிவிட்டு ஓடும் பிள்ளைகளை எத்தனையோ முறை கண்டித்திருக்கிறேன். காரணத்தை மட்டும் சொன்னதில்லை. அதை இன்று சொல்கிறேன்.

முட்டை, பருப்பு, சுண்டல், பால், மீன் எல்லாவற்றிலும் புரதம் இருக்கிறது. புரதம் என்பது நெருக்கமாகத் தொடுத்த பூச்சரம் போன்றது. அதிலுள்ள பூக்கள்தான் அமினோ அமிலங்கள். சரத்தை அப்படியே உடல் ஏற்றுக்கொள்ளாது. பிரித்துத் தர வேண்டும். இரைப்பையில் பெப்சின், சிறுகுடலில் ட்ரிப்சின் முதலிய நொதிகள் இந்த வேலையைச் செய்கின்றன. பிரிந்த அமினோ அமிலங்களைக் கொண்டுதான் உடல் உங்கள் தசையையும் தோலையும் முடியையும் கட்டுகிறது.

இறைச்சியையே கரைக்கும் பெப்சின், நம் இரைப்பையைக் கரைத்துவிடாதா? நல்ல கேள்வி! பெப்சின் உறையிலிட்ட கத்தியாகத்தான் சுரக்கிறது. இரைப்பையில் உள்ள அமிலம் பட்டதும்தான் உறை கழல்கிறது. இரைப்பையின் உட்சுவரை வழவழப்பான சளிப்படலம் காக்கிறது. எவ்வளவு முன்யோசனை, பாருங்கள்!

இதையெல்லாம் அறிய உதவியவர் ஓர் ஏழைக் கூலியாள். 1822ஆம் ஆண்டு, அமெரிக்காவின் மாக்கினாக் தீவில் அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற இளைஞர் மீது துப்பாக்கிக் குண்டு பாய்ந்தது. ராணுவ மருத்துவர் வில்லியம் பியூமாண்ட் அவரைக் காப்பாற்றினார். ஆனால், வயிற்றில் விழுந்த துளை மூடவே இல்லை! 1825இல், பட்டுநூலில் இறைச்சி, ரொட்டி, முட்டைக்கோஸ் துண்டுகளைக் கட்டி, அத்துளை வழியே உள்ளே விட்டார் மருத்துவர். மணிக்கொரு முறை வெளியே இழுத்துப் பார்த்தார். இப்படிப் பல ஆண்டுகள் சோதனைகள் நடந்தன. பாவம், செயின்ட் மார்ட்டினுக்கு இது பிடிக்கவில்லை. விட்டுப் போனார், மீண்டும் வந்தார். அந்தத் துளையோடே 1880 வரை வாழ்ந்தார். அவர் பட்ட துன்பத்துக்கு உலகமே கடன்பட்டிருக்கிறது.

1833இல் வெளியான தம் நூலில் பியூமாண்ட் ஓர் உண்மையைச் சொன்னார்: உணவு எவ்வளவு சிறிய துண்டாக இருக்கிறதோ, அவ்வளவு விரைவில் செரிக்கிறது. மூன்று ஆண்டுகள் கழித்து, 1836இல், ஜெர்மனியின் தியோடர் ஷ்வான் பெப்சினைக் கண்டறிந்து பெயரிட்டார். பியூமாண்ட் கண்டதன் காரணம் இப்போது நமக்குத் தெரியும். நொதி, உணவின் மேற்பரப்பைத் தொட்டுத்தான் வேலை செய்யும். முழு முட்டையை விட, நறுக்கிய முட்டையில் அது தொடுவதற்கு அதிக இடம் கிடைக்கிறது.

நறுக்கும் கத்தி எங்கே இருக்கிறது? உங்கள் வாயில்! இரைப்பைக்குப் பல் இல்லை, குழந்தைகளே. வாய் செய்யாத வேலையை வயிற்றின் தலையில் கட்டலாமா?

இன்னொன்றையும் பியூமாண்ட் கவனித்தார். செயின்ட் மார்ட்டின் கோபப்பட்டபோது அவரது செரிமானமும் கெட்டது. சாப்பாட்டு வேளையில் மதிப்பெண் பட்டியலைக் கையில் எடுக்கும் பெற்றோருக்கு இந்தப் பத்தியை மட்டும் படித்துக் காட்டுங்கள்!

நாளை மதியம் விளையாட்டுக்குப் பத்து நிமிடம் தாமதமாகப் போனால் குறைந்துவிடாது. நிதானமாக மென்று சாப்பிடுங்கள். முட்டையும் சுண்டலும் அப்போதுதான் முழுப் பலன் தரும்.

அன்புடன்,
ஆசிரியர்