கட்டைவிரல் பொத்தானும் கை நடுக்கமும்

பறவைப் படம் எடுக்கும் இளைஞர்கள் இப்போது எல்லோருக்கும் ஒரே யோசனை சொல்கிறார்கள். "சார், ஃபோகஸை ஷட்டர் பொத்தானிலிருந்து எடுத்துவிட்டு, பின்பக்கம் இருக்கிற ஏஎஃப்-ஆன் பொத்தானுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்." நல்ல யோசனைதான். கட்டைவிரலால் ஃபோகஸ், ஆள்காட்டி விரலால் படம். கொக்குக்கு முன்னால் ஒரு கோரைப்புல் ஆடினாலும், கட்டைவிரலை எடுத்துவிட்டால் ஃபோகஸ் புல்லுக்குத் தாவாது. ஆனால் எழுபதைத் தாண்டியவர்களிடம் இதில் பாதியைத்தான் சொல்கிறார்கள் என்பது என் குறை.

ஷட்டர் பொத்தானுக்குப் பிரெஞ்சில் 'தெக்லான்ஷேர்' என்று பெயர். கிளப்பிவிடுவது என்று பொருள். பொருத்தமான பெயர். பாதி அழுத்தினாலே வெளிச்சத்தை அளக்கும், ஃபோகஸ் பிடிக்கும், லென்ஸில் நடுக்கத்தைத் தடுக்கும் கருவி இருந்தால் அதையும் கிளப்பிவிடும். கேனான் 1995-இல் 75-300 லென்ஸில் கொண்டுவந்த ஐ.எஸ்., நிக்கான் 2000-இல் 80-400 லென்ஸில் கொண்டுவந்த வி.ஆர். இரண்டும் இந்த வேலைக்கானவைதான். கை ஆடுவதை உள்ளே உள்ள உணரிகள் கண்டுகொள்ள, ஒரு கண்ணாடித் தொகுதி எதிர்த்திசையில் நகர்ந்து ஈடுகட்டும்.

ஃபோகஸை மட்டும் கட்டைவிரலுக்கு மாற்றினால் நடுக்கத்தடுப்பும் கூடவே போய்விடுமா? ஆபீஸில் ஒரு சீட்டின் வேலையைப் பிரித்துக் கொடுத்தால், எது யாருக்கு என்று ஆர்டரில் தெளிவாக எழுதுவார்கள். இங்கே அப்படி எழுதுவோர் குறைவு. நிக்கானின் வி.ஆர். லென்ஸ்கள் பலவற்றோடு வரும் குறிப்புத்தாளில், ஏஎஃப்-ஆன் பொத்தானை அழுத்தினால் வி.ஆர். வேலை செய்யாது என்று ஒரு வரி உண்டு. அதை யார் படிக்கிறார்கள்? எல்லாக் கேமராவும் இப்படி அல்ல. கம்பெனிக்குக் கம்பெனி, மாடலுக்கு மாடல் மாறும்.

என் நண்பர் ஒருவர் இந்த யோசனையைக் கேட்டு மாற்றிக்கொண்டார். கட்டைவிரலை அழுத்திப் பிடித்து, பறவை திரும்பியதும் ஷட்டரை ஒரே அமுக்காக அமுக்குவார். நடுக்கத்தடுப்பு விழித்து நிலைகொள்வதற்குள் படம் முடிந்துவிடும். கடைக்காரர் படங்களைப் பார்த்துவிட்டு, "வயசாயிடுச்சு சார், ஸ்டாண்ட் வாங்கிக்கோங்க" என்றார். மனிதர் லென்ஸையே விற்கக் கிளம்பிவிட்டார். வயதின் மேல் பழி போடுவது எவ்வளவு சுலபம்!

சோதிக்க இரண்டு நிமிடம் போதும். லென்ஸை முழுநீளத்துக்கு இழுத்து, தூரத்துத் தந்திக் கம்பத்தைப் பாருங்கள். ஏஎஃப்-ஆனை மட்டும் அழுத்துங்கள். பிறகு ஷட்டரைப் பாதி அழுத்துங்கள். இரண்டாவது முறைதான் காட்சி அடங்கி நிற்கிறது, லென்ஸிலிருந்து மெல்லிய ரீங்காரம் வருகிறது என்றால், உங்கள் கேமரா இந்த வகை.

அப்போதும் கட்டைவிரல் முறையை விடவேண்டியதில்லை. கட்டைவிரல் ஃபோகஸைப் பார்த்துக்கொள்ளட்டும். ஆள்காட்டி விரல் ஷட்டரைப் பாதி அழுத்தி, காட்சி அடங்கும்வரை ஒரு விநாடி காத்திருக்கட்டும். ஃபோகஸ் அந்தப் பொத்தானை விட்டுப் போனாலும் நடுக்கத்தடுப்பு அங்கேயேதான் இருக்கிறது. இரண்டு விரலுக்கும் இரண்டு வேலை பழகவில்லை, ஓரிடத்தில் நிற்கும் பறவையைத்தான் எடுக்கிறோம் என்றால், பழைய ஒற்றைப் பொத்தானே மேல். பறக்கும் பறவையின் வேகத்தை எந்த நடுக்கத்தடுப்பும் நிறுத்தாது. அதற்கு ஷட்டர் வேகம் வேண்டும்.

கேமரா கம்பெனிகள் அந்த ஒரு வரியைக் குறிப்புத்தாளில் வைப்பதோடு நிற்காமல், ஃபோகஸை மாற்றும் அதே மெனுவிலும் காட்டலாம். யோசனை சொல்லும் தம்பிகளும் அதைச் சேர்த்தே சொல்லலாம். நண்பர் லென்ஸை விற்கவில்லை.